இலவச உணவு ஆலோசனை: பலன் இருக்கிறதா, அறிக்கையில் மட்டும்தானா?

நடைவண்டி:
பொது சுகாதார மையங்களில் வருமானம் குறைந்த பெரியவர்களுக்கு உணவு ஆலோசனை கொடுக்கிறார்கள். பிறகு எத்தனை பேர் வந்தார்கள், வினாத்தாளில் எத்தனை பேர் சரியாக எழுதினார்கள் என்று எண்ணிப் பார்த்துத் திட்டம் வெற்றி என்கிறார்கள். உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்று தெரிந்திருப்பது வேறு, குறைத்துச் சாப்பிடுவது வேறு. கையில் காசில்லாதவருக்கு அறிவுரை எதற்கு? அந்தப் பணத்தைக் காய்கறி வாங்கக் கொடுத்துவிடலாம்.

தளிர்:
மதிப்பீடு மோசம் என்பது சரி. அதை வைத்து ஆலோசனையே வீண் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? 2002ல் வெளியான அமெரிக்க நீரிழிவுத் தடுப்பு ஆய்வைப் பாருங்கள். 3,234 பேர். உணவு, உடற்பயிற்சி, எடைக் குறைப்பு என்று சொல்லிக் கொடுத்து விடாமல் பின்தொடர்ந்த குழுவில் புதிதாக நீரிழிவு வருவது 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிட்டவர்களிடம் 31 சதவீதம்தான்.

நடைவண்டி:
அந்த ஆய்வில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக 16 அமர்வுகள். மையங்களில் கிடைப்பது வரிசையில் பின்னால் ஆள் நிற்கும்போது ஐந்து நிமிடப் பேச்சும் ஓர் அச்சிட்ட தாளும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்துவிட்டால் ஒன்றாகிவிடுமா? காய்கறி, பழம், கொழுப்பு குறைந்த பால் பொருள்கள் நிறைந்த உணவுமுறையைச் சோதித்த 1997 டாஷ் ஆய்விலும் உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அழுத்தத்தின் மேல் அளவு 11 புள்ளிக்கு மேல் குறைந்தது, ஆனால் அங்கே சாப்பாட்டையே ஆய்வுக்குழு தயாரித்துக் கொடுத்தது. 2003 பிரீமியர் ஆய்வில் உணவு கொடுக்காமல் ஆலோசனை மட்டும் சொன்னார்கள், எடை, உப்பு, உடற்பயிற்சி பற்றிய ஆலோசனைக்கு மேல் அதே உணவுமுறையால் கிடைத்த கூடுதல் பலன் மிகச் சிறியது.

தளிர்:
ஐந்து நிமிடம் போதாது என்றுதான் நானும் கத்திக்கொண்டிருக்கிறேன், இந்த வேலையில் இருப்பவள். இரவுக் காவல் பார்ப்பவரிடம் "நேரத்துக்குச் சாப்பிடுங்கள்" என்றால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். எத்தனை மணிக்குப் பசிக்கிறது, அந்த நேரத்தில் என்ன கிடைக்கும், வீட்டில் யார் சமைக்கிறார்கள், சம்பளம் தீர்ந்த வாரத்தில் என்ன செய்கிறீர்கள் என்று கேட்ட பிறகுதான் உண்மையான பேச்சே தொடங்குகிறது. காசு கொடுத்தாலும் இந்தக் கேள்விகள் தீராது.

எண்மணி:
இருவரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். சர்க்கரை உச்சத்தில் இருக்கும்போதுதான் ஒருவரை ஆலோசனைக்கு அனுப்புகிறார்கள். உச்சத்தில் இருந்தது அடுத்த முறை தானாகவே கொஞ்சம் இறங்கும், கூடவே மருந்தின் அளவையும் கூட்டியிருப்பார்கள், கடைசியில் பெயர் ஆலோசனைக்குப் போகிறது. ஒப்பிட இன்னொரு குழு இல்லாமல் 'முன், பின்' என்று போடும் அட்டவணையை நான் நம்புவதில்லை. எச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனை காட்டுவது கிட்டத்தட்ட மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி, ஆறு வாரத்தில் எடுத்துப் பார்த்தால் பழைய கதையும் அதில் கலந்திருக்கும். நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று ஆலோசகரே கேட்டால் அவருக்குப் பிடித்த பதில்தான் வரும், அதனால் கேட்பவர் வேறு ஆளாக இருக்க வேண்டும். பாதியில் நின்றவர்களையும் கணக்கில் வையுங்கள். கடைசி வரை வந்தவர்களை மட்டும் எண்ணினால் எந்தத் திட்டமும் ஜெயிக்கும்.
எல்லா மையங்களிலும் ஒரே நாளில் தொடங்காமல், எது முதலில் என்று குலுக்கிப் போட்டுப் படிப்படியாகத் தொடங்கினால் ஒப்பீடு தானாகக் கிடைத்துவிடும், யாருக்கும் சேவையை மறுக்கவும் வேண்டாம்.

நடைவண்டி:
இது நியாயம். ஆனால் பணம் மட்டும் பெறும் குழு ஒன்றும் வேண்டும். அது இல்லாத மதிப்பீடு என் கேள்விக்குப் பதில் சொல்லாது.

தளிர்:
வையுங்கள், எனக்குப் பயமில்லை. பணம் மட்டும், ஆலோசனை மட்டும், இரண்டும் சேர்ந்து என்று மூன்றாகப் பிரியுங்கள். அப்புறம் ஒன்று, வராமல் நின்றவர்களில் பலர் அரைநாள் கூலியை விட்டுவிட்டு வர முடியாதவர்கள். அவர்களைப் போனில் கூப்பிட்டுக் காரணம் கேட்க ஓர் ஆளுக்குச் சம்பளம் ஒதுக்கச் சொல்லுங்கள், மாலை நேர அமர்வும் வையுங்கள். இவை இரண்டும் இல்லாமல் வரும் முடிவை நான் ஏற்க மாட்டேன், அது எனக்குச் சாதகமாக வந்தாலும் சரி.