லேவியராகமத்தோடு நின்றுபோகும் வேதவாசிப்பு: என்ன செய்யலாம்?

அகல் (கேள்வி):
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் சபை வாலிபர் கூட்டத்துக்காகக் கேட்கிறேன். ஆண்டிறுதி ஆராதனையில் வாக்குத்தத்த வசனம் வாங்கிக்கொண்டு, ஒரே வருஷத்தில் வேதாகமத்தை முடிப்பதாக ஜனவரி 1 அன்று எல்லாரும் ஆதியாகமம் முதல் அதிகாரத்தைத் திறக்கிறார்கள். பிப்ரவரி நடுவில் விசாரித்தால் பலர் நிறுத்தியிருக்கிறார்கள். வாசிப்பு நின்ற வெட்கத்தில் ஜெபமும் நிற்கிறது, பிறகு வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கும் வருவதில்லை. பாதிப்பேருக்கு ஷிப்ட் வேலை வேறு. "இன்னும் ஊக்கமாக ஜெபியுங்கள்" என்று சொல்வது பலிக்கவில்லை. ஒரு நாளைக்கு எவ்வளவு வாசிப்பது, விட்டுப்போன நாட்களுக்கு என்ன செய்வது, எதிலும் மனம் ஒட்டாத மாதங்களை எப்படிக் கடப்பது? ஈஸ்டருக்கு முந்தின லெந்து காலத்தில் உபவாசம் இருக்கலாமா என்றும் கேட்கிறார்கள்.

குடுவை எண்ணெய்:
பிரதர், கணக்குப் போட்டாலே பாதி விளங்கிவிடும். 66 புத்தகங்களில் 1189 அதிகாரங்கள். நாளுக்கு 3, ஞாயிறு மட்டும் 5 என்ற பழைய வழக்கப்படி வாரத்துக்கு 23, 52 வாரத்துக்கு 1196. வருஷம் முழுக்க மிச்சம் 7 அதிகாரம்தான். இரண்டு நாள் காய்ச்சலில் படுத்தால் அது தீர்ந்தது. ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40. இவை ஜனவரி கடைசியில் முடியும். அடுத்து லேவியராகமம் 27, எண்ணாகமம் 36. அதுவரை கதையாக ஓடியது நின்று, பலி முறை, குஷ்டரோகச் சட்டம், கோத்திரக் கணக்கு என்று ஏறக்குறைய மூன்று வாரம் போகும். பிள்ளைகள் நிற்பது பக்தி குறைந்ததால் அல்ல. மிச்சமே வைக்காத திட்டம் கடினமான இடத்தில் தட்டி நிற்கிறது, அவ்வளவுதான்.

பத்துக் கன்னிகைகளின் உவமையில் மத்தேயு 25:5-ஐ மெதுவாக வாசியுங்கள். மணவாளன் தாமதித்தபோது பத்துப் பேருமே தூங்கிவிட்டார்கள், புத்தியுள்ள ஐவரும் உட்பட. தூங்கியதற்காக யாரும் வெளியே தள்ளப்படவில்லை. பாத்திரத்தில் விளக்குக்குக் கூடுதல் எண்ணெய் இருந்ததா என்பதுதான் கேள்வி. "விழித்திரு" என்று அலறும் பிரசங்கங்கள் இந்த வசனத்தை ஏனோ தாண்டிப் போய்விடுகின்றன.

ஆகவே திட்டத்திலேயே எண்ணெய் வையுங்கள். முதல் வருஷம் புதிய ஏற்பாடு மட்டும் போதும். 260 அதிகாரம், நாளுக்கு 1, வாரத்தில் 5 நாள் என்றால் சரியாக 52 வாரம். மற்ற 2 நாள் காலி. விட்டதை அன்றைக்குப் பிடிக்கலாம். அதையும் தாண்டிய பாக்கியைத் தொடவே வேண்டாம். பாக்கி கந்துவட்டி மாதிரி, கட்டக் கட்ட ஏறும். இன்றைய தேதிக்கு உள்ளதை வாசித்துவிட்டுப் போகட்டும்.

சங்கீதப்பிரியன்:
அண்ணன் போட்ட கணக்கு சரி. பாக்கியை விட்டுவிடச் சொல்வதுதான் எனக்கு ஒப்பவில்லை. அப்படிப் பழகியவர்கள் ஆதியாகமத்தைப் பத்துத் தடவை வாசித்திருப்பார்கள், எரேமியாவை ஒரு தடவையும் தொட்டிருக்க மாட்டார்கள். கோளாறு தேதியில் இருக்கிறது. அட்டவணையில் தேதியை எடுத்துவிட்டு 1 முதல் 260 வரை கட்டம் மட்டும் போடுங்கள். 41-இல் நின்றவர் மூன்று வாரம் கழித்து வந்தாலும் 42-இல் தொடங்குவார். பாக்கி என்ற பேச்சே வராது.

இரண்டாம் வருஷம் லேவியராகமத்துக்கு வரும்போது அதைத் தனியாக வாசிக்க விடாதீர்கள். 13, 14 அதிகாரங்களை முடித்த கையோடு மாற்கு 1:40-45. குஷ்டரோகியைச் சுகமாக்கிய இயேசு, ஆசாரியனுக்குக் காண்பித்து மோசே கட்டளையிட்டதைச் செலுத்தச் சொல்கிறார் அல்லவா, அந்தக் கட்டளை இருப்பது லேவியராகமம் 14-இல். பாவநிவிர்த்தி நாளைச் சொல்லும் 16-ஆம் அதிகாரம் வாசிக்கிற அன்றே எபிரெயர் 9. இந்த இரண்டு ஜோடி போதும், புத்தகம் திறந்துகொள்ளும்.

வேகமாக ஓட ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஸ்காட்லாந்தின் டண்டி நகரப் போதகர் ராபர்ட் மர்ரே மெக்செய்ன் 1842-இல் தம் சபைக்கு ஓர் அட்டவணை கொடுத்தார். நாளுக்கு ஏறக்குறைய 4 அதிகாரம். ஒரே வருஷத்தில் பழைய ஏற்பாடு ஒருமுறை, புதிய ஏற்பாடும் சங்கீதமும் இருமுறை. அதோடு அதன் ஆபத்துகளையும் அவரே எழுதிவைத்தார். வெறும் சடங்காகும், முடித்தவருக்குத் தற்பெருமை வரும், கவனமில்லாமல் ஓட்டுவார்கள், சிலருக்குச் சுமக்க முடியாத நுகமாகும் என்று. இன்றைக்குச் செயலியில் பச்சை டிக் விழுவதற்காகவே விரலால் தள்ளிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தால் அவர் என்ன சொல்வாரோ!

ஷிப்ட் வேலைக்காரர்களிடம் அதிகாலை 5 மணியைத் திணிக்காதீர்கள். மாற்கு 1:35 அதிகாலை என்கிறது, சங்கீதம் 55:17 "அந்தி சந்தி மத்தியான வேளைகளிலும்" என்கிறது. மணியோடு கட்டினால் ஷிப்ட் மாறுகிற வாரமே அறுந்துவிடும். அன்றாடம் தவறாத ஒரு செயலோடு கட்டுங்கள்: வேலைக்குக் கிளம்பக் குளித்து உடுத்தியதும், செருப்பு மாட்டுவதற்கு முன். காகிதத்தில் அச்சிட்ட வேதாகமம் நல்லது, நடுவில் வாட்ஸ்அப் எட்டிப் பார்க்காது.

வனாந்தரவாசி:
மனம் ஒட்டாத மாதங்களைப் பற்றி யாரும் பேசவில்லை. இது புதிய நோய் அல்ல. எகிப்து வனாந்தரத்தில் துறவியாக வாழ்ந்து 399-இல் மறைந்த எவாக்ரியுஸ் இதை "அகேதியா" (ஆத்துமச் சலிப்பு) என்ற கிரேக்கச் சொல்லால் விவரித்தார், "மத்தியானப் பிசாசு" என்றும் சொன்னார். சங்கீதம் 91:6-இல் நாம் "மத்தியானத்தில் பாழாக்கும் சங்காரம்" என்று வாசிப்பதன் கிரேக்க வடிவம் அது. அவர் தரும் அடையாளங்கள்: சூரியன் நகரவே இல்லை என்று தோன்றும். அடிக்கடி வெளியே எட்டிப் பார்ப்பான். இருக்கிற இடமும் செய்கிற வேலையும் கசக்கும். சகோதரரிடையே அன்பே போய்விட்டது என்று நினைப்பான். வேறு இடத்தில் தேவனை நன்றாகச் சேவிக்கலாம் என்று படும். நம்மூரில் இதற்குப் பெயர் "இந்தச் சபையில் அபிஷேகம் இல்லை".

மருந்தும் அந்த வனாந்தரத் துறவிகளே சொன்னார்கள்: அறையை விட்டு ஓடாதே. அந்த மாதங்களில் சபை மாறுவது, ஊழியத்தை விடுவது போன்ற முடிவு எதுவும் வேண்டாம். அளவைக் குறைக்கலாம், நிறுத்தக் கூடாது. ஆதித் திருச்சபையின் கைநூலான திதக்கே, கர்த்தருடைய ஜெபத்தை நாளுக்கு மூன்று முறை சொல்லச் சொல்கிறது. ஒரு முறைக்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது. அதுவும் முடியாத நாளில், எகிப்துத் துறவிகளிடம் பயின்ற யோவான் கசியான் பரிந்துரைத்த ஒற்றை வசனம், சங்கீதம் 70:1. "தேவனே, என்னை விடுவியும், கர்த்தாவே, எனக்குச் சகாயஞ்செய்யத் தீவிரியும்." பஸ்ஸில் நின்றுகொண்டே சொல்லலாம்.

அதற்கு முன் உடம்பைப் பாருங்கள். 1 இராஜாக்கள் 19-இல் சூரைச்செடியின் கீழ் சாக விரும்பிய எலியாவுக்குத் தூதன் முதலில் பிரசங்கம் பண்ணவில்லை. தூங்கவிட்டு, அடையும் தண்ணீரும் கொடுத்து, மறுபடி தூங்கவிட்டு, இரண்டாம் தரமும் சாப்பிடச் சொன்னான். தொடர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லை, தூக்கமோ பசியோ கெட்டுவிட்டது என்றால் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். சாகும் எண்ணம் வந்தால் இரண்டு வாரம் காத்திருக்காதீர்கள், அன்றே தனியாக விடாமல் அழைத்துப் போங்கள். "விசுவாசம் போதவில்லை" என்று அவர்களிடம் சொல்வது கொடுமை.

மறைத்த பாவத்தால் வரும் வறட்சி வேறு. அகேதியாவில் எல்லா வசனமும் சலிக்கும். இதில் குறிப்பிட்ட சில வசனங்களை மட்டும் கண் தாண்டும். அதற்கு வழி யாக்கோபு 5:16, வாய் காக்கிற ஒருவரிடம் அறிக்கையிடுவது.

அகல்:
மிக்க நன்றி. கட்டம் போட்ட அட்டவணை இந்த வாரமே அச்சடிக்கிறோம். உபவாசத்துக்கும், வராமல் நின்றவர்களுக்கும் வழி சொல்லுங்கள்.

குடுவை எண்ணெய்:
தேதி விஷயத்தில் சங்கீதப்பிரியன் சொன்னதுதான் சரி, ஒத்துக்கொள்கிறேன்.

லெந்து காலம் சாம்பல் புதன் முதல் ஈஸ்டருக்கு முந்தின சனி வரை 46 நாள். 6 ஞாயிறு கழித்தால் 40, ஞாயிறு உபவாசம் இல்லை. முன்னோர் அதிலும் மிச்சம் வைத்திருக்கிறார்கள் பாருங்கள். பழக்கமில்லாதவர்கள் வெள்ளி தோறும் காலை உணவு ஒன்றை மட்டும் விடட்டும், தண்ணீரை விடக் கூடாது. நாள் முழுக்க இருப்பவர்களுக்கு வரும் தலைவலி பெரும்பாலும் காபியை நிறுத்தியதால் வருவது, 12 முதல் 24 மணி நேரத்தில் தொடங்கும். மூன்று நாள் முன்பிருந்தே காபியைக் குறைத்துவிடுங்கள். முடிக்கும்போது கஞ்சி, பிரியாணி அல்ல. சர்க்கரைக்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் உணவை விடக் கூடாது. மிச்சமான சாப்பாட்டுக் காசு ஏசாயா 58:7 சொல்கிறபடி பசித்தவனுக்குப் போகட்டும்.

வராதவர்களுக்கு: 1742-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில், மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் கூட்டத்தார் ஆலயக் கடனை அடைக்க, ஏறக்குறைய 12 பேருக்கு ஒருவர் என்று பிரித்து, வாரம் ஆளுக்கு ஒரு பென்னி வாங்க வீடு வீடாகப் போனார்கள். போன இடத்தில் யார் எப்படி வாழ்கிறார் என்று தெரிந்தது. அதுவே வாராந்தர விசாரிப்புக் கூட்டமாயிற்று. உங்களுக்கு மூன்று பேர் கொண்ட குழு போதும். ஒருவர் இரண்டு வாரம் வரவில்லையென்றால் மற்ற இருவரில் ஒருவர் நேரில் போகட்டும். "ஏன் வரலை?" என்று கேட்க வேண்டாம், "எந்தக் கட்டத்துல இருக்கீங்க, அங்கிருந்தே சேர்ந்து வாசிப்போமா?" என்று கேட்கட்டும். யார் எத்தனை முடித்தார்கள் என்ற பட்டியலை மட்டும் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடாதீர்கள். பின்தங்கியவர்கள் சொல்லாமலே குழுவை விட்டுப் போய்விடுவார்கள்.