போ டிரில்: துரப்பணமா, கடைகோலா?

நண்பர்களுக்கு வணக்கம். வில்லின் கயிற்றால் கோலைச் சுழற்றி, பலகைக் குழியில் உராயவைத்து நெருப்பு உண்டாக்கும் கருவிதான் ஆங்கிலத்தில் 'போ டிரில்'. அதற்கான நம் கலைச்சொல் பட்டியலில் வந்த பரிந்துரைகளை மேற்கோளாகக் காட்டி, கீழே பதில் எழுதுகிறேன்.

> போ டிரில் = வில்துரப்பணம். டிரில் என்றால் துரப்பணம்தானே?

தச்சுப் பட்டறையில் துளை போடும் கருவிக்கு இந்தப் பெயர் பொருந்தும். நெருப்பு உண்டாக்கும் கருவிக்கு வைத்தால் செய்பவரைத் தவறான வேலைக்கு இழுத்துவிடும். துரப்பணம் என்றதும் கோலின் கீழ்நுனியைக் கூராகச் சீவத் தோன்றும். அப்படிச் சீவிய கோல் பலகையைத் துளைத்துக்கொண்டு அடிப்பக்கம் எட்டிப்பார்க்குமே தவிர, கங்கு பிறக்காது. கீழ்நுனி மழுங்கலாக, குழி முழுவதும் உராயும்படி இருக்க வேண்டும். கூர் வேண்டியது மேல்நுனிக்கு; அங்கேதான் உராய்வு குறைய வேண்டும். நமக்குத் தேவை துளை அன்று, அதிலிருந்து உதிரும் தூள்.

ஆகவே 'கடைதல்' என்ற வினையை விட வேண்டாம். தயிர் கடைவதற்கும் தீக்கடைவதற்கும் நம்மிடம் ஒரே வினைதான். விறகில் தீயையும் பாலில் நெய்யையும் சேர்த்துச் சொல்லும் அப்பர், கோல் நட்டுக் கயிற்றால் 'முறுக வாங்கிக் கடைய' என்கிறார். சுழலும் கோலுக்குக் கடைகோல் என்றும், முழுக் கருவிக்கு விற்கடைகோல் என்றும் வைக்கலாம்.

> ஹார்த் போர்டு (கோல் உராயும் பலகை) = அடுப்புப் பலகை

இதில் யாரும் சோறு வடிக்கப் போவதில்லை. அடிப்பலகை போதும். அரணி என்ற சொல்லையும் ஒருவர் முன்வைத்திருந்தார். வேள்வி வழக்கில் மேல்கட்டை, கீழ்க்கட்டை இரண்டுமே அரணிதான். உறுப்பின் பெயராக வைத்தால் குழப்பம்.

பலகை விளிம்பில் வெட்டும் பிளவுக்குத் தச்சர் சொல்லான 'காடி' இருக்கிறது. வட்டத்தில் எட்டில் ஒரு பங்கு அளவுக்கு, விளிம்பிலிருந்து குழியின் நடுவை ஏறக்குறையத் தொடும்படி வெட்டுவார்கள். காடி இல்லையென்றால் தூள் குழியைச் சுற்றிச் சிதறி ஆறிவிடும். இருந்தால் ஒரே இடத்தில் குவிந்து, தன் சூட்டைத் தானே காத்து, கனியத் தொடங்கும்.

பழுது பார்க்கும் பகுதிக்கும் சொற்கள் வேண்டும். கோல் கிறீச்சிட்டுச் சுழன்று, புகை நின்றுபோய், நுனியும் குழியும் பளபளவென்று மின்னினால் அதை 'மெருகேறல்' எனலாம். அழுத்தம் போதாததால் பெரும்பாலும் நேர்வது. மெருகைச் சுரண்டிவிட்டு, ஒரு சிட்டிகை மணலைக் குழியில் போட்டு, அழுத்தத்தைக் கூட்டினால் மீண்டும் கடிக்கும். அடுத்தது தூளின் நிறம். வெளிர்பழுப்பாக வந்தால் சூடு போதவில்லை. வேகத்தையோ அழுத்தத்தையோ கூட்ட வேண்டும். கறுத்து, மாவுபோல் நுண்ணியதாக வந்தால்தான் 'கரித்தூள்'. வில்லை நிறுத்திய பிறகும் அந்தக் குவியலிலிருந்து தானாகப் புகை எழுந்தால் உள்ளே கங்கு பிடித்துவிட்டது. எம்பர் என்பதற்குப் பொறி என்று எழுதியிருப்பதை மாற்றிவிடுங்கள். பொறி பறக்கும், கங்கு உட்கார்ந்து கனலும்.

மேலே அழுத்திப் பிடிக்கும் கட்டைக்குப் 'பிடிகட்டை'. அதன் குழியில் எண்ணெய் தடவ வேண்டும். எண்ணெய் கண்ட நுனியைத் தவறிக் கீழே திருப்பிப் போட்டால் பாடு வீண்.

---

ஐயா, வணக்கம்.

காடி, கங்கு, மெருகேறல் மூன்றுக்கும் என் ஒப்புதல். ஆனால் 'விற்கடைகோல்' வேண்டாம். இலக்கணப்படி சரிதான், படிப்பவர் 'விற்கும் கடை' என்று பிரித்து, எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்பார்.

சங்கத் தமிழில் தீக்கடையும் கோலுக்கு ஞெலிகோல் என்ற சொல் இருக்கும்போது 'ஞெலிவில்' என்றே சொல்லலாமே? பெரும்பாணாற்றுப்படையில் இடையன் 'கைம்முயன்று ஞெலிகோல் கொண்ட' தீயால்தான் குழலுக்குத் துளையிடுகிறான். புறநானூற்றில் ஔவையார், வெளியே தெரியாமல் இருக்கும் அதியமானின் ஆற்றலுக்கு வீட்டுக் கூரையின் இறப்பில் செருகிய ஞெலிகோலை உவமை சொல்கிறார். இறப்பில் செருகியதும் காரணத்தோடுதான் என்பது என் எண்ணம். மழையில் நனையாமல் உலர்ந்தே இருக்கும். ஈரக் கோலை எவ்வளவு இழுத்தாலும் ஆவிதான் வரும்.

---

அம்மா, கடை விற்பனையை இதோடு மூடிவிடுகிறேன்!

ஆனால் நீங்கள் காட்டிய வரியே 'கைம்முயன்று' என்கிறது. வில்லைப் பற்றிய பேச்சே அங்கு இல்லை. உள்ளங்கைகளுக்கு இடையே கோலை உருட்டும் முறையாகத்தான் தெரிகிறது. எனவே ஹேண்ட் டிரில்லுக்கு ஞெலிகோலை அப்படியே வைத்துக்கொள்வோம். அதே வரியில் வரும் 'ஞெகிழி'யை மட்டும் யாரும் மீட்க வேண்டாம். கொள்ளிக்கட்டை என்ற பொருள் போய், பிளாஸ்டிக் என்றே எல்லோரும் படிப்பார்கள்.

வில் உள்ளதற்குத் 'தீக்கடைவில்' என்றால் என்ன? அகராதியில் உள்ள தீக்கடைகோலோடு இணையாக நிற்கும். தீ முன்னே வருவதால் கடைத்தெருப் பொருள் வராது. தச்சரின் துரப்பணத்தோடும் மோதாது. எஸ்கிமோக்கள் வில்லுக்குப் பதில் வாரை இழுத்துச் சுழற்றி, பிடிகட்டையைப் பல்லால் கடித்துக்கொண்டார்கள். அந்த வகைக்குத் 'தீக்கடைவார்', அதன் கட்டைக்கு 'வாய்க்கட்டை'.

டிண்டர் பண்டில் ஒன்றுதான் மிச்சம். தேங்காய் நாரை உதிர்த்துக் குருவிக்கூடுபோல் சுருட்டி, நடுவில் கங்கை வைத்து ஊதுவதால் 'நார்க்கூடு' என்று குறித்திருக்கிறேன். மறுப்பு இருந்தால் பட்டியலை அச்சுக்கு அனுப்புவதற்குள் எழுதுங்கள்.