1/72 வளையும் பிளாஸ்டிக் சிப்பாய்கள்: பெயிண்ட் உரிகிறது, சிவப்பு திட்டுத்திட்டாக வருகிறது, வார்னிஷ் வெளுத்துவிட்டது. உதவி தேவை

புதுத்தூரிகை:
வணக்கம். வாட்டர்லூ (1815) காலத்து பிரிட்டிஷ் காலாட்படை, 1/72 (நிஜ அளவில் 72-இல் ஒரு பங்கு), மொத்தம் 48 உருவங்கள். மினியேச்சர் பெயிண்டிங்குக்கு முற்றிலும் புதிது. உருவங்கள் ஒட்டி வரும் பிளாஸ்டிக் சட்டகத்திலிருந்து வெட்டியதும் நேராகக் கறுப்பு ஸ்பிரே பிரைமர் (அடிப்பூச்சு), அதன்மேல் அக்ரிலிக் பெயிண்ட் பாட்டிலில் இருந்தபடியே, பிறகு பழுப்பு வாஷ் (பள்ளங்களில் தங்கி நிழல் தரும் நீர்த்த பெயிண்ட்), கடைசியில் மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ் ஸ்பிரே. 8 உருவங்கள் முடிந்திருக்கின்றன. எட்டிலும் ஒரே கதை.

துப்பாக்கி, பயனெட் (துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தி) முனைகளில் பெயிண்ட் செதில் செதிலாக உதிர்கிறது. சிவப்புக் கோட்டு ஓரிடத்தில் கருஞ்சிவப்பு, ஓரிடத்தில் கட்டி. மார்பின் குறுக்கே போகும் வெள்ளைப் பட்டைகள் கோட்டின்மேல் வழிந்துவிட்டன. வார்னிஷ் அடித்தபின் உருவமே மாவு தூவியதுபோல் இருக்கிறது. 000 எண் (மிகச் சிறிய) பிரஷ்தான் வைத்திருக்கிறேன், அதன் நுனியும் இரண்டாகப் பிரிந்துவிட்டது. எங்கே தவறு?

ஈயச்சிப்பாய்:
முதலில் உரிவதைப் பார்ப்போம். சட்டகத்தின் ஓரத்தைக் கத்தியால் சீவுங்கள். தூளாக உதிராமல் நூலாகச் சுருண்டு வந்தால் அது பாலிஎதிலீன். மெழுகுத்தாளில் தண்ணீர் ஒட்டாமல் உருளுமே, அந்தக் குணம். பெயிண்டும் பிடிக்காது, பிளாஸ்டிக் மாடல் பசையும் பிடிக்காது. போதாததற்கு, அச்சிலிருந்து உருவம் சுலபமாகக் கழன்று வரப் பூசும் எண்ணெய்ப்பசையும் மேலே இருக்கும். நீங்கள் கழுவியதாகச் சொல்லவில்லை, பாதி வினை அங்கேதான்.

மீதி 40-ஐயும் சட்டகத்தோடே வெதுவெதுப்பான நீரில், பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு விட்டு, பழைய பல் துலக்கும் பிரஷால் தேயுங்கள். மடிப்புகளுக்குள் பிரஷ் போகவேண்டும். நல்ல நீரில் அலசி ஒரு நாள் காயவிடுங்கள். பிறகு விரல் படாமல், பாட்டில் மூடியிலோ குச்சியிலோ ஒட்டிவைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள்.

வளைந்த பயனெட்டை இப்போதே நிமிர்த்திவிடவேண்டும். சூடான நீரில் சில நொடி முக்கி, நேராக்கி, அப்படியே பிடித்துக் குளிர்ந்த நீரில் வையுங்கள். பெயிண்ட் அடித்தபின் நிமிர்த்தினால் அதுவே உரியக் காரணம். அச்சுக்கோடுகளை உப்புத்தாளால் தேய்க்காதீர்கள், பிசிறு எழும்பிப் பஞ்சாகிவிடும். புதுப் பிளேடால் சீவுங்கள்.

பிரைமரைப் பொறுத்தவரை, உருவத்தோடு சேர்ந்து வளையக்கூடிய பூச்சு வேண்டும். பாலியூரிதேன் கலந்த அக்ரிலிக் பிரைமர் பொருத்தம், பிரஷாலேயே இரண்டு மெல்லிய பூச்சு, 24 மணி நேரம் காயவேண்டும். அது இல்லையென்றால் வெள்ளைப் பசையும் (பிவிஏ) தண்ணீரும் சம அளவு கலந்து ஒரு பூச்சு.

காலாட்படை72:
பிவிஏ விஷயத்தில் எனக்கு உடன்பாடு பாதிதான். துப்பாக்கி, பயனெட், வாள், ஷாக்கோ தொப்பியின் இறகு ஆகியவற்றுக்குப் பூசுங்கள், நன்றாகத் தாங்கும். முகத்துக்கு வேண்டாம். ஆள் நிற்பதே 24 மில்லிமீட்டர் உயரம், அதில் மூக்கும் வாயும் எவ்வளவு ஆழம் இருக்கும்? பசை போய்ப் பள்ளத்தில் தேங்கினால் முகம் வழுவழுவென்று ஆகிவிடும், பின்னால் வாஷ் நிற்க இடம் இருக்காது.

ஈயச்சிப்பாய்:
ஒப்புக்கொள்கிறேன். முகத்தில் யாரும் கை வைக்கப்போவதும் இல்லை, வளையப்போவதும் இல்லை.

நுனிப்பிரஷ்:
சிவப்புக்கு வருகிறேன். கறுப்பு பிரைமர்மேல் நேராகச் சிவப்பு அடித்தால் அப்படித்தான் வரும். பல சிவப்பு நிறமிகள் ஒளியை ஊடுருவ விடுபவை, அடியில் உள்ள கறுப்பு மேலே தெரியும். அதை மறைக்கக் கெட்டியாக அடிப்போம், கட்டி தட்டும். பிரைமரைச் சாம்பல் நிறத்துக்கு மாற்றுங்கள். முதல் பூச்சு சிவப்பு 2 பங்கு, பழுப்பு 1 பங்கு. அதன்மேல் சிவப்பு, மெல்லியதாக இரண்டு தடவை. ஒவ்வொன்றுக்கும் நடுவே 15–20 நிமிடம். முந்தைய பூச்சு ஈரமாக இருக்கும்போது பிரஷ் பட்டால் அது பிய்ந்து வரும், உங்கள் திட்டுகளில் பாதி அதுதான்.

பெயிண்டை எவ்வளவு நீர்க்கவைப்பது? பெயிண்ட் 2 சொட்டு, தண்ணீர் 1 சொட்டு என்று ஆரம்பித்துக் கட்டைவிரல் நகத்தில் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கோடு நின்ற இடத்தில் நிற்கவேண்டும், அடியில் நகம் லேசாகத் தெரியவேண்டும். நகக்கண்ணுக்கு ஓடினால் தண்ணீர் அதிகம். பிரஷ் தடம் வரிவரியாக நின்றால் போதவில்லை.

இன்னொன்று: சாதாரணச் சிப்பாயின் கோட்டு பளீரென்ற சிவப்பு அல்ல. மஞ்சிட்டி இனத்து வேர்ச்சாயம், செங்கல் நிறம். பளிச்சென்ற செஞ்சிவப்பு அதிகாரிகளுக்கும் சார்ஜென்ட்டுகளுக்கும்தான். ஆகவே பழுப்பு கொஞ்சம் தெரிந்தால் அது பிழையே இல்லை. காலர், மணிக்கட்டு மடிப்பின் நிறம் ரெஜிமெண்டுக்கு ரெஜிமெண்ட் மாறும் (30-ஆவது வெளிர் மஞ்சள், ராயல் ரெஜிமெண்டுகள் கருநீலம்), ஒன்றை முடிவுசெய்துகொண்டு ஆரம்பியுங்கள். போர்க்களத்தில் கால்சட்டை சாம்பல்.

புதுத்தூரிகை:
நன்றி. வெள்ளைப் பட்டைக்கு என்ன வழி? கை நடுக்கம்தான் காரணம் என்று நினைத்தேன்.

நுனிப்பிரஷ்:
கை எல்லோருக்கும்தான் ஆடும். பிரஷில் பெயிண்ட் அதிகம், பட்டையைத் தொட்டதும் சொட்டாக இறங்குகிறது. பிரஷை நனைத்தபின் டிஷ்யூவில் ஒருமுறை உருட்டித் துடையுங்கள். பிறகு நுனியால் குத்தாமல், நுனியின் பக்கவாட்டைப் பட்டையின் மேட்டில் வைத்து இழுங்கள். மேடு தானாகவே பெயிண்டை வாங்கிக்கொள்ளும், பள்ளத்துக்குப் போகாது. இரண்டு முழங்கைகளும் மேசையில், இரண்டு மணிக்கட்டுகளும் ஒன்றோடொன்று ஒட்டியபடி இருக்கட்டும்.

நேராக வெள்ளை வேண்டாம். முதலில் வெளிர் சாம்பல், அது காய்ந்தபின் நடுவில் மட்டும் வெள்ளை. வழிந்த இடத்தைக் கோட்டின் அடிநிறத்தால் திருத்துங்கள். வாஷைப் பட்டைக்கு முன்பே முடித்துவிடவேண்டும், வெள்ளையின்மேல் பழுப்பு வாஷ் பட்டால் தேநீர்க் கறைதான்.

000 பிரஷைத் தூக்கிப் போடுங்கள். அதன் வயிற்றில் பெயிண்ட் நிற்காது, உருவத்துக்குக் கொண்டுபோவதற்குள் நுனியில் காய்ந்துவிடும். கூர்மையான நுனி உள்ள 1-ஆம் எண் ரவுண்ட் பிரஷ் ஒன்றே போதும். மயிரில் பாதி உயரத்துக்குமேல் பெயிண்ட் ஏறவிடாதீர்கள், உலோகக் குழாய்க்குள் புகுந்து காய்ந்தால் நுனி பிரியும்.

காலாட்படை72:
வார்னிஷ் பற்றி யாரும் சொல்லவில்லையே. மேட் வார்னிஷில் பளபளப்பைக் குறைக்கும் நுண்தூள் இருக்கிறது, அது கேனின் அடியில் படிந்துவிடும். உள்ளே உள்ள குண்டு கலகலவென்று ஆடத் தொடங்கியபின் இரண்டு நிமிடம் முழுதாகக் குலுக்கவேண்டும். காற்றில் ஈரப்பதம் அதிகமிருந்தாலும், ஒரே இடத்தில் நனைய அடித்தாலும் இதே வெளுப்புதான். 20–30 செ.மீ. தூரம், உருவத்துக்கு வெளியே ஆரம்பித்து வெளியே முடியும்படி வீசுங்கள். மழை நாளில் கேனைத் தொடாதீர்கள், பிரஷால் பூசும் வார்னிஷ் இருக்கிறது.

வெளுத்த எட்டையும் தூக்கி எறிய வேண்டாம். மேற்பரப்பு நுண்ணியதாகச் சொரசொரப்பாகி ஒளியைச் சிதறடிக்கிறது, அதுதான் மாவுபோல் தெரிகிறது. கிளாஸ் (பளபளப்பான) வார்னிஷை பிரஷால் மெல்லியதாகப் பூசினால் பெரும்பாலும் நிறம் திரும்பிவிடும். ஒரு நாள் கழித்து மேட். மடிப்புகளில் வெள்ளைத்தூள் தங்கியிருந்தால் மட்டும் அங்கே மறுபடி நிறம் தொட்டு வையுங்கள்.

புதுத்தூரிகை:
கிளாஸ் பூசியதும் முதுகுப்பை, கோட்டு எல்லாம் திரும்ப வந்துவிட்டன! உதிர்ந்த துப்பாக்கிகளை என்ன செய்வது? முழுதாகக் கழற்றவேண்டுமா? கண் வரையவேண்டுமா என்பதும் கேள்வி.

ஈயச்சிப்பாய்:
முழுதும் வேண்டாம். துப்பாக்கியையும் பயனெட்டையும் மட்டும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சுக்குச்சியால் துடைத்து எடுங்கள். பாலிஎதிலீனுக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் பக்கத்தில் பட்டால் கோட்டும் போய்விடும். ஜன்னல் திறந்திருக்கட்டும், அருகில் நெருப்பு கூடாது. பிறகு பிரைமர், ஒரு நாள், நிறம்.

காலாட்படை72:
கண் வேண்டாம். நிஜக் கண் சுமார் 30 மி.மீ. அகலம், 72-ஆல் வகுத்தால் 0.4 மி.மீ. வெள்ளை வைத்தால் ஆள் பேயைக் கண்டவன்போல் விழிப்பான். தோல் நிறம் பூசி, செம்பழுப்பு வாஷ் ஒரு சொட்டு, கண்குழியில் நிழல் தானாக நிற்கும். தாடையில் தேங்கினால் ஈரம் துடைத்த பிரஷின் நுனியால் உறிஞ்சிவிடுங்கள். மூக்கு நுனி, கன்னம், நெற்றி மூன்றிலும் தோல் நிறத்தை மறுபடி தொட்டால் முகம் முடிந்தது. 1/35 வாங்கும்போது கண்ணைப் பற்றிப் பேசுவோம்.