பறக்கும்போது ஆல்டர்னேட்டர் (எஞ்சின் சுழற்றி மின்சாரம் எடுக்கும் கருவி) போய்விட்டால் பயணத்தைத் தொடரலாமா? (செஸ்னா 172)

மாணவ விமானி:
வணக்கம். செஸ்னா 172எஸ், முள் காட்டும் பழைய பேனல். பகல் நேரம், தெளிவான வானம், தனியாகக் கிராஸ் கன்ட்ரி (வேறு ஊருக்குப் போகும் பயிற்சிப் பயணம்) போய்க்கொண்டிருந்தேன். கிளம்பிய சிறிது நேரத்தில், மின்னழுத்தம் குறைந்ததைச் சொல்லும் 'வோல்ட்ஸ்' விளக்கு எரிந்தது. அம்மீட்டர் முள்ளும் டிஸ்சார்ஜ் பக்கம் (பேட்டரி கரைகிறது என்று பொருள்) சாய்ந்திருந்தது. செக்லிஸ்ட்படி ஆல்டர்னேட்டர் சுவிட்சை அணைத்து, பிரேக்கரைச் சரிபார்த்து, மறுபடி போட்டேன். விளக்கு அணைந்தது, கொஞ்ச நேரத்தில் திரும்ப எரிந்தது. ஆல்டர்னேட்டரை அணைத்துவிட்டுத் திரும்பி வந்து இறங்கினேன்.

கூடப் படிக்கும் நண்பர், "எஞ்சின் மேக்னெட்டோவில ஓடுது, நிக்காது. பேட்டரி அரை மணி நேரம் தாங்கும். நீ போயே இருக்கலாம்" என்கிறார். அது சரியா? ரேடியோ முழுவதும் போயிருந்தால் கட்டுப்பாட்டு டவருக்கு எப்படித் தெரியப்படுத்துவது?

ஓய்வுபெற்ற பயிற்றுநர்:
திரும்பி வந்தது சரி தம்பி. மேக்னெட்டோ (பேட்டரி இல்லாமலே எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் கருவி) பற்றி நண்பர் சொன்னது உண்மைதான். ஆனால் அந்த அரை மணிக் கணக்கை நம்பி யாரும் விமானம் ஓட்டக்கூடாது. அது முழு சார்ஜில் இருக்கும் நல்ல பேட்டரிக்கு, தேவையில்லாததையெல்லாம் அணைத்த பிறகு போடும் கணக்கு. விளக்கு எரிவதை நீங்கள் கவனிப்பதற்குள் எவ்வளவு கரைந்தது என்று யாருக்குத் தெரியும்?

1983 அக்டோபர் 11 இரவு அமெரிக்காவில் நடந்ததைப் படித்துப் பாருங்கள். ஏர் இல்லினாய் 710, ஹாக்கர் சிட்லி 748 ரக விமானம். ஸ்பிரிங்ஃபீல்டில் கிளம்பியவுடன் இடப்பக்க ஜெனரேட்டர் போனது. துணை விமானி தவறுதலாக நன்றாக இருந்த வலப்பக்க ஜெனரேட்டரைத் துண்டித்துவிட்டார், அது மறுபடி இணையவில்லை. கிளம்பிய இடம் பக்கத்திலேயே இருந்தும், கேப்டன் பேட்டரியை நம்பிக் கார்பன்டேலுக்குத் தொடர்ந்தார். இரவு, மேகம். சுமார் அரை மணியில் பேட்டரி தீர்ந்து, காட்டும் கருவிகள் இல்லாமல் விமானம் பிங்க்னிவில் அருகே விழுந்தது. இருந்த 10 பேரும் இறந்தார்கள். திரும்பாமல் தொடர்ந்த முடிவைத்தான் விசாரணை முதன்மைக் காரணமாகச் சொன்னது. உங்களுக்கு வாய்த்தது பகலும் நல்ல வானிலையும். இருந்தாலும் எடுக்கவேண்டிய முடிவு அதேதான்.

ரேடியோ கேள்விக்கு வருகிறேன். பேட்டரியில் உயிர் இருக்கும்போதே முதல் வேலையாக டவரிடம் சொல்லிவிடுங்கள்: மின்சாரக் கோளாறு, ரேடியோ போகலாம், இந்த ஓடுபாதைக்கு வருகிறேன் என்று. அதன்பின் நீங்கள் பேசாமல் போனாலும் அவர்கள் தயாராக இருப்பார்கள். டிரான்ஸ்பாண்டர் (ரேடாருக்கு விமானத்தை அடையாளம் காட்டும் கருவி) வேலை செய்தால் அதில் 7600 போடுங்கள், ரேடியோ போய்விட்டது என்று பொருள். சர்க்யூட்டுக்குள் (தளத்தைச் சுற்றிவரும் பாதை) வந்ததும் டவரின் விளக்கைப் பாருங்கள். நிலையான பச்சை என்றால் இறங்கலாம். நிலையான சிவப்பு என்றால் வழிவிட்டுச் சுற்றிக்கொண்டே இருக்கவேண்டும். சிவப்பு மின்னினால் தளம் பாதுகாப்பாக இல்லை, இறங்கக்கூடாது. பகலில் பதிலுக்கு இறக்கையை ஆட்டிக் காட்டினால் போதும்.

இன்னொரு மாணவி:
அண்ணா, வழியில் மொத்த மின்சாரத்துக்கான மாஸ்டர் சுவிட்சையே அணைத்து பேட்டரியை மிச்சம் பிடிக்கலாமா?

ஓய்வுபெற்ற பயிற்றுநர்:
பகலில், தரை தெரியும்போது, டவரிடம் சொன்ன பிறகு செய்யலாம் அம்மா. ஒன்றை மட்டும் எதிர்பார்த்திருங்கள்: மாஸ்டர் அணைந்ததும் இரண்டு எரிபொருள் முள்ளும் காலிக்கு விழும், திருப்பத்தைக் காட்டும் டர்ன் கோஆர்டினேட்டரில் சிவப்புக் கொடி வரும். எரிபொருள் எங்கும் போய்விடவில்லை, கேஜுக்கு மின்சாரம் இல்லை, அவ்வளவுதான். தெரியாதவர்கள் இங்கேதான் பதறுவார்கள். வேகமானியும் உயரமானியும் காற்றழுத்தத்தில் ஓடுபவை, அவற்றுக்கு ஒன்றும் ஆகாது.

ஃபிளாப் (மெதுவாக இறங்க இறக்கையின் பின்னால் இறக்கும் பலகை) மின்மோட்டாரில் இயங்குவது. முழுதாக இறக்கிய பிறகு பேட்டரி செத்தால் கோ-அரவுண்டில் (இறங்காமல் மறுபடி மேலேறும்போது) அதை ஏற்ற முடியாது. நீளமான ஓடுபாதை கிடைத்தால் ஃபிளாப் இல்லாமலே 65-75 நாட் வேகத்தில் வந்துவிடுங்கள்.

கருகல் வாசனையோ புகையோ வந்தால் கதை வேறு. அப்போது சுவிட்சைப் போட்டு அணைத்துப் பார்க்கும் வேலையே வேண்டாம். உடனே மாஸ்டரை அணைத்து, மின்தீ செக்லிஸ்டுக்குப் போகவேண்டும்.

விமானப் பராமரிப்புப் பொறியாளர்:
விளக்கு ஒருமுறை அணைந்தது என்கிறீர்கள். அப்படியானால் ஆல்டர்னேட்டரைச் சுழற்றும் பெல்ட் அறுந்திருக்காது. அறுந்திருந்தால் சுவிட்ச் எதையும் மாற்றியிருக்காது. ஃபீல்ட் வயர் முனை தளர்வு, பிரஷ் தேய்மானம், கன்ட்ரோல் யூனிட், இந்த மூன்றில்தான் முதலில் தேடுவேன். விளக்கு திரும்ப எரிந்தபிறகு நீங்கள் மறுபடி மறுபடி ரீசெட் செய்யாததும் நல்லது. டெக் லாக்கில் (விமானத்தின் பழுதுப் பதிவேடு) 'ரீசெட் செய்ததும் அணைந்து, பின் திரும்ப எரிந்தது' என்று அப்படியே எழுதுங்கள். வெறும் 'ஆல்டர்னேட்டர் பழுது' என்று எழுதினால் எங்களுக்கு அரைநாள் வீண்.

மாணவ விமானி:
எழுதிவிட்டேன் சார், நன்றி. இறங்கிய இடம் வேறு தளமாக இருந்து, எஞ்சினை அணைத்துவிட்டால், வெளி மின்சாரத்தில் ஸ்டார்ட் செய்து வீடு திரும்பலாமா?

விமானப் பராமரிப்புப் பொறியாளர்:
கூடாது தம்பி. ஆல்டர்னேட்டர் பழுது அப்படியேதான் இருக்கும், இப்போது பேட்டரியும் கையில் இல்லை. பழுதைச் சரிசெய்த பிறகும், அடிவரை இறங்கிய பேட்டரியைக் கழற்றிச் சார்ஜ் ஏற்றிச் சோதித்த பிறகே பறக்கவேண்டும். விமானத்தை அங்கேயே விட்டுவிட்டு எங்களுக்குப் போன் செய்யுங்கள்.