அச்சு முறுக்கு: பூ கழலாத அந்த நிமிஷம்
(பச்சரிசி, தோசைக்கல் எல்லாம் இங்க பேசுறவங்களோட புனைபெயர்)

பச்சரிசி:
புது வார்ப்பிரும்பு அச்சு. முதல் நாலு முக்கும் ஒட்டிக்கிச்சு. அஞ்சாவதுல பாதிப் பூ எண்ணெயில மிதக்குது, மீதிப் பாதி அச்சுலயே கருகுது. கத்தி முனையால நெம்பினதும் இதழ் இதழா உடைஞ்சுது. மாவு வழக்கமானதுதான்: பச்சரிசி மாவு 2 கப், மைதா கால் கப், பொடிச்ச சர்க்கரை அரை கப், முட்டை 1, கெட்டித் தேங்காய்ப்பால் 1 கப், எள்ளு, உப்பு, பதத்துக்குத் தண்ணி. இதே மாவு பழைய அச்சுல வழுக்கிக்கிட்டு வந்துச்சு.

தோசைக்கல்:
பழக்காத அச்சு அப்படித்தான். அரிசி கழுவின கழுநீர்ல ஒரு ராத்திரி ஊறணும், துடைச்சுட்டு நல்லெண்ணெய் தடவி இன்னொரு ராத்திரி வைக்கணும். அப்புறமும் முதல் ரெண்டு பூ காவுதான். சோப்பு போட்டுத் தேய்ச்சா பழையபடி ஒட்டும். துணியால துடைச்சு எண்ணெய் பூசி வைங்க, போதும்.

கம்பியும் பூவும்:
தோசைக்கல் சொல்றது பாதிதான் சரி. பழக்கின அச்சும் ஒட்டும், சூடு தப்பினா. அச்சு எண்ணெய்க்குள்ளயே கிடந்து காயணும். எடுத்து உதறி, சொட்டு நின்னதும் மாவுல விடுங்க. லேசா ‘சுர்’ருன்னு சத்தம் வந்து மாவு பிடிக்கணும். சத்தமே இல்லாம வழிஞ்சா அச்சு ஆறிடுச்சு. பொரிஞ்சு கிண்ணத்துலயே கழண்டு விழுந்தா சூடு அதிகம்.

இன்னொண்ணு, யாரும் கேக்கலன்னாலும் சொல்றேன். முக்கால் உயரம்தான் முக்கணும். மாவு மேல் விளிம்பைத் தாண்டி மூடிடுச்சுன்னா அச்சையே கவ்விக்கும், எந்தப் பழக்கலும் காப்பாத்தாது. அரிசி மாவு அடியில தங்கும், நாலஞ்சு பூவுக்கு ஒருதரம் கலக்கி விடுங்க. அச்சு மூழ்குற அளவு எண்ணெய் வேணும். சர்க்கரையைக் கூட்டினா வேகறதுக்கு முன்னாடியே நிறம் ஏறிடும், உள்ள நமுத்துப்போகும். முட்டை வேண்டாம்னா மைதாவை அரை கப் ஆக்குங்க, பூ நிக்கும். முட்டையில்லாம வராதுன்னு சொல்றவங்க செஞ்சு பாக்காதவங்க.

மட்டக்களப்பான்:
எங்கட பக்கம் இதுக்குப் பேர் கொக்கிஸ். சித்திரை வருசத்துக்குச் சுடுறது. மாவில மஞ்சளும் உப்பும்தான், சீனி போடுறதில்ல. அதனால கெதியாக் கருகாது, எண்ணெய்க்குள்ள ஆறுதலாப் பிடிச்சிருக்கலாம். பேர் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) மொழியில இருந்து வந்தது எண்டு சொல்லுவினம்.

பச்சரிசி:
கழுநீர், நல்லெண்ணெய் ரெண்டும் ஆச்சு. மூணாவது பூ தானா கழண்டு மிதந்துச்சு. பத்தாவதுல கம்பியோட திருகு தளர்ந்து அச்சே எண்ணெய்க்குள்ள விழுந்துடுச்சு. இடுக்கியால எடுக்குறதுக்குள்ள அதுல இருந்த பூ கறுத்துப்போச்சு. கம்பியில திருகி மாட்டுற அச்சு வச்சிருக்கிறவங்க நடுநடுவுல இறுக்கிக்கங்க, வெறுங்கையால வேண்டாம்.