வினைல் ரிப்புக்கு "முள்வழிப் பதிவு" சரியா வருமா?

வணக்கம். வினைல் ரிப்புக்கு, அதாவது வினைல் இசைத்தட்டை ஓடவிட்டு அதோட ஒலியை எண்ம (டிஜிட்டல்) கோப்பா கணினியில பதியற வேலைக்கு, தமிழ்ச் சொல்லா இதுவரைக்கும் வந்ததுல "தட்டு நகல்", "இசைத்தட்டு எண்மமாக்கம்" ரெண்டுதான் நிக்குது. ரெண்டுமே எனக்கு ஒட்டல.

நகல்ங்கறது சிடிக்குப் பொருந்தும். அதுல இருக்கறதே எண்ணுதான், யார் சரியா எடுத்தாலும் அதே எண்கள்தான் வரும், சில நிமிஷத்துல வேலையும் முடிஞ்சிரும். வினைல்ல ஒரு பக்கம் 20 நிமிஷம்னா 20 நிமிஷமும் தட்டை ஓடவிட்டுத்தான் பிடிக்கணும், காடியில (தட்டுல ஓடற பள்ளக் கோட்டுல) முள் அசையற அசைவு, முள்ளைத் தாங்கற கார்ட்ரிட்ஜுல சில மில்லிவோல்ட்டா மாறி, தட்டு வெட்டும்போது குறைச்ச பேஸையும் கூட்டுன ட்ரெபிளையும் போனோ ப்ரீஆம்ப்ங்கற முன்பெருக்கி ஆர்ஐஏஏங்கற பொதுத்தர வளைவுப்படி திருப்பிச் சரிபண்ணி, அதுக்கப்புறந்தான் ஒலியை எண்ணா மாத்தற ஏடிசிக்கே போகுது. முள்ளை மாத்துனா ஒலி மாறிடும். ஒரே தட்டை ரெண்டு பேர் எடுத்தா ரெண்டு விதமா கேக்கும். அதனால சொல்லுக்குள்ள முள் இருந்தே ஆகணும்ங்கறதுதான் என் கட்சி. எண்மமாக்கம்னா பழைய புத்தகத்தை ஸ்கேன் பண்றதுக்கும் அதே சொல்லுதான், இந்த வேலையோட தனித்தன்மை அதுல எங்க இருக்கு?

முதல்ல "முட்பதிவு"ன்னு வெச்சுப் பாத்தேன், சின்னதா நல்லா இருந்துச்சு, ஆனா வாய்விட்டுச் சொன்னா முன்பதிவுன்னே காதுல விழுது. "முள்ளெடுப்பு"ன்னா காலுல தச்ச முள்ளை எடுக்கறதாயிடும். "முள்வழிப் பதிவு"ல அந்தக் குழப்பம் இல்ல, "இந்தத் தட்டை முள்வழி பதிஞ்சேன்"னு வினையாவும் நல்லா வருது.

அடுத்து ஹை-ரெசல்யூஷன், அதாவது சிடியை விட நுணுக்கமா அளவெடுத்துப் பதியறது. "உயர் தெளிவுத்திறன்" வேணாங்க, அது படத்துக்குப் பழகுன சொல்லு, 24 பிட் 96 கிலோஹெர்ட்ஸ்ல (நொடிக்கு 96,000 அளவு, ஒவ்வொண்ணும் 24 பிட்) எடுத்தா தட்டே இன்னும் தெளிவாயிடும்னு புதுசா வர்றவங்க நம்பிருவாங்க. வினைல்ல இரைச்சலுக்கும் உச்சத்துக்கும் நடுவுல பொதுவா 60, 70 டெசிபல்தான், சிடியோட 16 பிட்டே 96 டெசிபல் வரைக்கும் தாங்கும். 24 பிட்டோட லாபம் என்னன்னா, லெவலை தாராளமா கீழ வெச்சு உச்சம் வெட்டுப்படாம எடுக்கலாம், பிற்பாடு கிளிக் நீக்கறது லெவல் ஏத்தறதுன்னு எவ்வளவு கைவெச்சாலும் பிசிறு கேக்காது. அளவெடுக்கறது நுணுக்கமா நடக்குதுன்னு மட்டும் சொல்ற "நுண்ணளவு முள்வழிப் பதிவு" போதும்.

ஒண்ணு மட்டும் எனக்கு இன்னும் பிடிபடல. பேச்சுல ஸ்டைலஸ், நீடில் ரெண்டுமே முள்ளுதான், கலைச்சொல்லாவும் அப்படியே விட்டுடலாமா, இல்ல காடியைத் தொடற அந்த வைர முனைக்குத் தனியா ஒரு சொல் வேணுமா?