மூன்று வருடமாக வயிறு உப்புசம், எல்லா ரிப்போர்ட்டும் நார்மல். சாப்பாட்டில் ஏதாவது ஒத்துக்கொள்ளவில்லையா?

நொய்யல்கரை (திருப்பூர்) கேட்டது:

வணக்கம். எனக்கு வயது 36. ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. மூன்று வருடமாக வயிறு என்னைப் பாடாய்ப் படுத்துகிறது. காலையில் எழும்போது ஒன்றும் இருக்காது, வயிறு ஒட்டித்தான் இருக்கும். பத்தரை மணிக்கு மேல் காற்று அடைத்த மாதிரி உப்ப ஆரம்பித்து, மதியத்துக்குள் சுடிதார் நாடாவைத் தளர்த்திக் கட்டும் அளவுக்கு வந்துவிடும். கடமுடா என்று சத்தம் வேறு, பக்கத்து சீட்டில் இருப்பவருக்கே கேட்கும். வாரத்தில் மூன்று நாளாவது திடீரென்று வயிற்றைக் கலக்கும், அந்த நிமிடமே போயாக வேண்டும். இரண்டு முறை பஸ்ஸில் இருந்து பாதி வழியில் இறங்கி, முன்பின் தெரியாத வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறேன். அதை எழுதும்போது இப்போதும் கண் கலங்குகிறது.

ரத்தம், தைராய்டு, வயிற்று ஸ்கேன், எண்டோஸ்கோபி எல்லாம் எடுத்தாகிவிட்டது. எல்லாமே நார்மல். கேஸ் மாத்திரை கொடுத்தார்கள், இன்றைக்கும் வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டிருக்கிறேன். டென்ஷனைக் குறைத்துக்கொள் என்றார்கள். காரம், புளி, ஊறுகாய், கறி என்று ஒவ்வொன்றாக விட்டும் பார்த்தேன், துளி மாற்றம் இல்லை. உடம்பு இளைக்கவில்லை, ரத்தம் எதுவும் போகவில்லை.

காலை ஆறு மணிக்கு ஒரு காபி, டிபனுக்குப் பிறகு ஒரு காபி, ஆபீஸில் பதினொரு மணிக்கும் நாலு மணிக்கும் டீ. டிபன் இட்லி, தோசைதான். மதியம் சோறு, குழம்பு, ராத்திரி சப்பாத்தி. படுக்கும் முன் பெரிய டம்ளரில் மஞ்சள் பால், நான் காரத்தையும் கறியையும் விட்டதில் இருந்து உடம்புக்குத் தெம்பு வேண்டும் என்று அத்தை தன் கையாலேயே ஆற்றிக் கொடுக்கிறார்.

இன்னொன்று, இதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா தெரியவில்லை. பங்குனியில் அம்மா வீட்டுக்குப் போய் ஐந்து நாள் இருந்தேன். ஐந்து நாளும் வயிறு ஒரு தொந்தரவும் தரவில்லை. எல்லாம் ஊர்த் தண்ணீரின் மகிமை என்று அம்மாவிடம் சொன்னேன். மாடு சினையாக இருந்ததால் பால் வற்றிவிட்டது, அதனால் ஐந்து நாளும் வரக்காப்பிதான் குடித்தோம், மற்றபடி இதே இட்லி, சோறுதான்.

இப்போது ஒரு லேபில், ஒரே ரத்தப் பரிசோதனையில் இருநூறு உணவில் எது ஒத்துக்கொள்ளாது என்று சொல்லிவிடுவோம் என்கிறார்கள். 15,000 ரூபாய். என் சம்பளத்தில் பாதிக்கு மேல் போய்விடும். எடுக்கலாமா?


டபரா டம்ளர் (கும்பகோணம்) பதில்:

சகோதரி, பணம் கட்டுவதற்கு முன் உங்கள் பதிவையே இன்னொரு தரம் நிதானமாகப் படித்துப் பாருங்கள். அம்மா வீட்டில் தண்ணீரோடு சேர்த்துப் பாலும் மாறியிருக்கிறது. ஐந்து நாளும் ஒரு சொட்டுப் பால் உள்ளே போகவில்லை.

பாலில் லாக்டோஸ் என்ற சர்க்கரை இருக்கிறது. அதை உடைக்க நம் சிறுகுடலில் லாக்டேஸ் என்ற நொதி வேண்டும். பால்குடி வயதில் எல்லோருக்கும் நன்றாகச் சுரக்கும், வளர வளர நிறையப் பேருக்குக் குறைந்துவிடும். இது நோய்கூட இல்லை, உலகத்தில் பெரியவர்களில் பாதிக்கு மேல் இப்படித்தான், அதிலும் வடக்கைவிட நம் தெற்கில் அதிகம். உடையாத லாக்டோஸ் அப்படியே பெருங்குடலுக்குப் போகும். அங்கே இருக்கும் பாக்டீரியா அதைப் புளிக்க வைக்கும். இரவு கரைத்து வைத்த மாவு காலையில் பாத்திரத்தை மீறிப் பொங்கி நிற்கும் இல்லையா, உங்கள் வயிற்றில் பத்தரை மணிக்கு நடப்பதும் கிட்டத்தட்ட அதுதான். மிச்சச் சர்க்கரை தண்ணீரையும் குடலுக்குள் இழுத்துக்கொள்வதால் வயிறு கலக்கிப் போகிறது.

சரி, மூன்று வருடமாக ஏன் பிடிபடவில்லை? அளவுதான் காரணம். 100 மில்லி பாலில் சுமார் 5 கிராம் லாக்டோஸ். இந்தக் குறை உள்ளவர்களிலும் பலர் ஒரே நேரத்தில் 12 கிராம் வரை சமாளித்துவிடுவார்கள், சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்தால் இன்னும் எளிது. ஒரு காபி குடித்துவிட்டுக் கவனித்தால் ஒன்றும் தெரியாது. காபி, காபி, டீ என்று அரை நாளுக்குள் ஏறும்போதுதான் தெரியும், அதுவும் குடித்து ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து. அந்த நேரத்தில் கடைசியாக வாயில் போட்டது எதுவோ அதன் மேல் பழி விழும். நான் இரண்டு வருடம் பூரிக்கிழங்கைச் சந்தேகப்பட்டேன். கடைசியில் என் மகளின் பழைய கோடு போட்ட நோட்டில் நேரம், சாப்பிட்டது, வயிறு என்று மூன்று பத்தி போட்டுத் தினமும் எழுதினேன். பதினோராம் நாள் இரவு அதை விரித்து வைத்துப் பார்த்தபோது, கலக்கிய ஒவ்வொரு நாளுக்கும் மேலே இரண்டு காபியும் ஒரு பால் பாயசமோ பாதாம் பாலோ இருந்தது.

இரண்டு வாரம் பாலை அடியோடு நிறுத்துங்கள். பால்கோவா, பால் பவுடர் போட்ட பிஸ்கட், ஐஸ்கிரீம் எல்லாம் பால்தான். கொழுப்பு எடுத்த பால், ஏ2 பால், ஆட்டுப்பால் என்று மாறுவதில் பயன் இல்லை, எல்லாவற்றிலும் லாக்டோஸ் உண்டு. நெய்யில் அநேகமாக இல்லவே இல்லை. தயிரில் பாக்டீரியா கொஞ்சம் தின்று தீர்த்துவிடுவதால் பலருக்கு ஒத்துக்கொள்ளும், ஆனால் இந்த இரண்டு வாரம் அதையும் விட்டுவிட்டால் விடை தெளிவாக வரும். அப்புறம் ஒரு விடுமுறை நாளில் பாலைத் திரும்பக் குடித்துப் பாருங்கள். இந்தக் கடைசிக் கட்டத்தைத் தயவுசெய்து விடாதீர்கள், நிறுத்தியதும் நன்றாக இருப்பது வேறு காரணத்தாலும் இருக்கலாம், குடித்ததும் திரும்ப வந்தால்தான் நிச்சயம். சுண்ணாம்புச் சத்துக்குப் பயப்பட வேண்டாம், 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. எள், முருங்கைக்கீரை, நெத்திலி எல்லாம் இருக்கவே இருக்கின்றன.


மல்லிப்பந்தல் (மதுரை) பதில்:

மேலே அண்ணா சொன்னது சரியாகத்தான் படுகிறது. ஆனால் அக்கா, ஒன்று சொல்கிறேன், பாலை நிறுத்துங்கள், சப்பாத்தியை மட்டும் இப்போதைக்கு நிறுத்தாதீர்கள். முதலில் டிடிஜி ஐஜிஏ என்ற ரத்தப் பரிசோதனையை எடுத்துவிடுங்கள். கோதுமையில் இருக்கும் குளூட்டனால் குடலே பாதிக்கப்படும் சீலியாக் நோய்க்கான பரிசோதனை அது. தினமும் கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருந்தால்தான் அதில் சரியாகத் தெரியும், நிறுத்திவிட்டு எடுத்தால் இருப்பவர்களுக்கும் இல்லை என்று வரலாம். சீலியாக் இருந்தால் குடலின் உள்சுவர் தேய்ந்து லாக்டேஸும் குறைந்துவிடும், அதனால் பால்தான் காரணம் என்று தெரிந்தாலும் அதற்குப் பின்னால் இது ஒளிந்திருக்கலாம்.

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் என் தங்கை. அவளுக்கு வயிற்று வலி, உப்புசம் எதுவுமே கிடையாது. ஹீமோகுளோபின் 7.9. இரண்டு வருடம் இரும்புச்சத்து மாத்திரை, பிறகு ஊசி, ஏறும், மூன்று மாதத்தில் இறங்கிவிடும். வாயில் புண் ஆறவே ஆறாது. கல்யாணமான பெண், சரியாகச் சாப்பிடுவதில்லை என்று அவள் மேலேயே பழி. ஒருவர் எண்டோஸ்கோபியும் செய்து நன்றாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டார், முன்சிறுகுடலில் இருந்து சதை எடுத்துச் சோதிக்கவில்லை. கண்ணால் பார்த்தால் பல நேரம் தெரியாதாம். இது வடநாட்டுக்காரர்களுக்கு வருவது, நமக்கு வராது என்றும் சொன்னார்கள். அங்கே அதிகம் என்பது உண்மை, அதற்காக நமக்கு வரவே வராது என்று இல்லை. கடைசியில் வேறொரு மருத்துவர்தான் ரத்தப் பரிசோதனையும் சதைப் பரிசோதனையும் செய்து உறுதிப்படுத்தினார்.

அதற்கப்புறமும் கதை முடியவில்லை. சப்பாத்தி, பரோட்டா, ரவை, சேமியா, பிஸ்கட், பார்லி கலந்த மால்ட் பானம் எல்லாவற்றையும் நிறுத்தினோம். இட்லி, தோசை, சோறு, கம்பு, சோளம் எல்லாம் சாப்பிடலாம் என்பதால் நம் ஊர்ச் சாப்பாட்டுக்கு இது பெரிய கஷ்டமே இல்லை என்று சந்தோஷப்பட்டோம். ஆறு மாதம் கழித்து மறுபடி எடுத்தால் டிடிஜி அளவு எதிர்பார்த்தபடி இறங்கவில்லை. ஒருநாள் சாம்பார் கொதித்துக்கொண்டிருக்கும்போது அம்மா பெருங்காய டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு, கண்ணாடியை மாட்டி, பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படிக்கிறார்: கோதுமை மாவு, கோந்து, அப்புறம்தான் பெருங்காயம். சாம்பார், ரசம், மோர் என்று மூன்று வேளையும் அதைத்தான் அவளுக்குப் போட்டுக்கொண்டிருந்தோம். அம்மா அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டார். இப்போது அரிசி மாவு சேர்த்த பெருங்காயம் வாங்குகிறோம். அடுத்த எட்டு மாதத்தில் ஹீமோகுளோபின் 12ஐத் தொட்டது.

இந்த நோய்க்கும் கோதுமைக்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடித்தவர் வில்லம் டிக்கே என்ற நெதர்லாந்து குழந்தை மருத்துவர். போருக்கு முன்பே அவருக்குச் சந்தேகம் இருந்தது. 1944–45 குளிர்காலப் பஞ்சத்தில் ரொட்டியே கிடைக்காதபோது இந்தக் குழந்தைகள் தேறியதும், ரொட்டி வந்ததும் மறுபடி விழுந்ததும் அவர் எண்ணத்துக்குப் பலம் சேர்த்தன. உங்கள் அம்மா வீட்டு மாட்டுக் கதையைப் படித்ததும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.


சோதனைக்குழாய் (சேலம்) பதில்:

பதினெட்டு வருடமாக லேபில் வேலை செய்கிறேன், அதனால் அந்த 15,000 ரூபாய் பற்றி மட்டும் சொல்கிறேன். அது பெரும்பாலும் ஐஜிஜி என்ற எதிர்ப்புப் புரதத்தை ரத்தத்தில் அளக்கும் பரிசோதனையாக இருக்கும். நாம் அடிக்கடி சாப்பிடும் பொருளுக்கு உடம்பில் ஐஜிஜி உருவாவது இயல்பு, அந்த உணவு உடம்புக்குப் பழக்கம் என்பதைத்தான் அது காட்டுகிறது. ஒத்துக்கொள்ளாமையைக் கண்டுபிடிக்க இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்க, ஐரோப்பிய, கனடா ஒவ்வாமை மருத்துவச் சங்கங்கள் வெளிப்படையாகவே சொல்லியிருக்கின்றன. அரிசி, பால், துவரை, முட்டை என்று பாதிச் சமையலறைக்குச் சிவப்புக் குறி போட்ட ரிப்போர்ட்டோடு வந்து, பயத்தில் கஞ்சியும் உப்பும் மட்டுமே குடித்து எட்டு கிலோ இளைத்த பெண்ணை நான் பார்த்திருக்கிறேன். அதோடு லாக்டோஸ் பிரச்சினை நொதிக் குறைவு, நோய் எதிர்ப்பு சம்பந்தப்பட்டதே இல்லை, எந்த ஐஜிஜியிலும் அது தெரியாது.

பாலுக்கு முறையான பரிசோதனை வேண்டுமென்றால் ஹைட்ரஜன் மூச்சுப் பரிசோதனை இருக்கிறது. வெறும் வயிற்றில் லாக்டோஸ் கரைத்த தண்ணீரைக் குடிக்கச் சொல்லி, மூன்று மணி நேரம் வரை அவ்வப்போது ஊதச் சொல்வார்கள். பெரிய ஊர்களில் உள்ள குடல் மருத்துவப் பிரிவுகளில் கேட்டுப் பாருங்கள்.

பால் நிறுத்தியும் பாதிதான் குறைந்தது என்றால் வெங்காயம், பூண்டு, பருப்பு, பலாப்பழம், காலிஃபிளவர் பக்கம் பாருங்கள். மெல்போர்னில் உள்ள மோனாஷ் பல்கலைக்கழகம் இந்தப் புளிக்கும் மாவுச்சத்துகளைப் பற்றி விரிவாக ஆராய்ந்திருக்கிறது. சில வாரம் நிறுத்தி, ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்ப்பதுதான் முறை, ஆயுளுக்கும் விடச் சொல்வதில்லை. ஒரு உணவியல் நிபுணர் கூட இருந்தால் நல்லது.

மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் இதையும் எழுதுகிறேன். மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, காய்ச்சல், தூக்கத்தில் இருந்து எழுப்பும் பேதி, ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக வரும் மாற்றம், இதில் ஒன்று இருந்தாலும் சாப்பாட்டை மாற்றிப் பார்த்துக்கொண்டு நாளைக் கடத்த வேண்டாம், நேராக மருத்துவரிடம் போங்கள்.


பொருநை (நெல்லை) பதில்:

எங்க அப்பாவுக்கும் இதே கலக்கல்தான். பால், கோதுமை, வெங்காயம் எல்லாம் நிறுத்திப் பார்த்தோம், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் பார்த்தால் சர்க்கரைக்குப் போடும் மெட்ஃபார்மின். மருத்துவரிடம் சொன்னதும் மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றிக் கொடுத்தார், ஒரே வாரத்தில் நின்றுவிட்டது. நீங்கள் என்னென்ன மாத்திரை போடுகிறீர்கள் என்பதையும் அந்த நோட்டில் எழுதுங்கள் அக்கா.


நொய்யல்கரை (திருப்பூர்), ஐந்து வாரம் கழித்து:

எல்லோருக்கும் நன்றி, இப்போதுதான் உட்கார்ந்து எழுத முடிகிறது. லேபுக்குப் போகவில்லை. மதுரைத் தங்கச்சி சொன்னபடி முதலில் டிடிஜி எடுத்தேன், நெகட்டிவ். அதற்கு அடுத்த நாளில் இருந்து பால் கிடையாது. அத்தைக்கு முதலில் மனசே இல்லை, பாலை நிறுத்தினால் எலும்பு என்ன ஆகும் என்று இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. நாலாவது நாள் மதியம் டிபன் பாக்ஸைக் கழுவும்போதுதான் கவனித்தேன், சுடிதார் நாடா காலையில் கட்டியபடியே இருந்தது. அந்த இடத்திலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.

பதினைந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, எங்கும் போக வேண்டியதில்லை என்று ஏழு மணிக்கு வெறும் வயிற்றில் இரண்டு டம்ளர் பால் குடித்தேன். எட்டேகாலுக்குக் கடமுடா ஆரம்பித்தது, ஒன்பதரைக்குள் மூன்று தடவை போய்விட்டு வந்தேன். அத்தை வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். அன்று ராத்திரியில் இருந்து மஞ்சள் பால் வரவில்லை, மறுநாள் காலை கேழ்வரகுக் கூழ் கரைத்து வைத்திருந்தார்.

இப்போது டிபனுக்குப் பிறகு பாதிப் பால் ஊற்றிய ஒரே ஒரு காபி, அது ஒத்துக்கொள்கிறது. ஆபீஸில் இரண்டு வேளையும் சுக்குமல்லிக் காபி. தயிர் பிரச்சினை இல்லை. சின்ன வெங்காயச் சாம்பார் வைக்கும் நாளில் லேசாக உப்புகிறது, அதையும் நோட்டில் எழுதி வருகிறேன். கேஸ் மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு நிறுத்திவிட்டேன்.

ஒரு கேள்வி. என் பையனுக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடத்தில் இரண்டாவது பீரியடில் வயிறு வலிக்கிறது என்பான், படிப்புக்குப் பயந்து சொல்கிறான் என்று போன வருடம் அடித்தும் இருக்கிறேன். காலையில் ஒரு டம்ளர் பால் குடித்துவிட்டுத்தான் வேன் ஏறுகிறான். சனிக்கிழமை குழந்தை மருத்துவரிடம் கூட்டிப்போகிறேன். அதுவரை பாலுக்குப் பதில் தயிர் கொடுத்துப் பார்க்கலாமா, இல்லை அவர் பார்க்கும் வரை எதையும் மாற்றாமல் இருக்கட்டுமா?